கழுவிய பாட்டில்

நிலக்கடலையை வறுக்கும்போது அவசரப்படக் கூடாது, சாமி. தீயைக் குறைத்து வைத்து, தோல் தானாக விடும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பூண்டும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்தால் அந்தப் பொடி பதினைந்து நாள்வரை கெடாது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் பின்னால் நான் சாப்பாட்டுக் கடை போட்டு பதினாறு வருஷம் ஆகிறது. என் பொடியை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. பாவத்தைச் சொல்ல வந்தவள் சமையல் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பூவரசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவன் படம் போட்டு பேனர் வைத்திருந்தார்கள். கம்பைநல்லூர்ப் பக்கம் அவன் ஊர். தாய் தகப்பன் இல்லை. பத்தொன்பது வயதில் இங்கே தக்காளிப் பெட்டி இறக்க வந்தான். என் வீட்டுக்காரர் ராஜப்பன் வீசிங்கில் இறந்த வருஷம் அது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. மூன்று மணிக்கு, கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு அவன் வருவான். அவனுக்குப் போட்டுவிட்டு, நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். தனியாகத் தின்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை, சாமி. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவனாகத் தெரிந்துகொண்டான். எவ்வளவு பசியாக இருந்தாலும், நான் உட்காரும்வரை தட்டில் கை வைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட் ஆட்களோடு பந்து விளையாடுவான். ஒரு தடவை பார்க்கப் போனேன். கோலுக்குப் பக்கத்தில் சோம்பேறிபோல நின்றிருந்தான். பந்து வந்தது. இரண்டே எட்டுதான். பந்து வலைக்குள் கிடந்தது.

பெட்டி இறக்கும் பச்சியப்பன் என் பக்கத்தில் நின்று கத்தினார்: "ஏன்டா, லோடு எறக்கறப்ப இந்த வேகம் எங்கடா போவுது?"

"லோடுக்கு கோல்கீப்பர் இல்லீங்களேண்ணா," என்று ஓடிக்கொண்டே சொன்னான்.

அந்த வருஷம் மாவட்ட லீக்கில் பதினெட்டு கோல். சேலத்தில் ஒரு அணி கூப்பிட்டது. அப்புறம் சென்னை லீக். அப்புறம் பெங்களூரில், சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் கிளப். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரயிலேறி வந்துவிடுவான். போகும்போது ஒரு பாட்டில் பொடி கொடுத்தனுப்புவேன். காலி பாட்டிலைக் கழுவாமலே கொண்டுவருவான். "அடியில ஒட்டிக்கிட்டிருக்கறது உங்க பங்குங்க அக்கா," என்பான்.

ஒருமுறை, கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துப் பார்த்தான். ராஜப்பன் வீசிங்குக்குப் போட்டவை. தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தேன்.

"அக்கா, இது எங்களுக்கு ஆகாதுங்க. மேட்ச் நேரத்துல ஒடம்புல இருந்துச்சுன்னா தடை போட்டுருவாங்க. நானெல்லாம் இருமல் மருந்துகூட டாக்டரக் கேக்காம தொடறதில்ல."

அப்படியா என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினேன்.

பிறகு கோவாவில் ஒரு பெரிய கிளப் அவனை எடுத்துக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு. "வருசத்துக்கு ஒருக்கா வந்துருவேங்க அக்கா," என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அவன்மேல் நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை தூரத்தில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? முழங்கால் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்? எதிரில் உட்கார்ந்து போட யார் இருக்கிறார்கள்? அவனுக்காகத்தான் யோசித்தேன்.

பெங்களூர் கிளப்புக்கு அவன் ஆட வேண்டிய கடைசி ஆட்டம் அந்த வாரம் இருந்தது. கடலையை வறுத்தேன். இரண்டு அட்டை மாத்திரையையும் நுணுக்கினேன். கசப்புத் தெரியாமலிருக்கப் பூண்டு கூடப் போட்டேன். தேதி போன மாத்திரை, உடம்பை ஒன்றும் செய்யாது. வழக்கம்போலப் பாட்டிலில் அடைத்து அவன் கையில் கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். முடிந்ததும் அவன் சிறுநீரை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் தடை. கோவாக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

தடை வந்ததும் நேராக என் கடைக்குத்தான் வந்தான். உட்காரவில்லை. நின்றபடியே மாதா படத்தைப் பார்த்தான். பக்கத்தில் அட்டைகள் இல்லை. அட்டைகள் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். பாதிப் பொடி மிச்சம் இருந்தது. பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தான்.

"என்னென்ன சாப்புட்டேன்னு விசாரணைல கேட்டாங்க. எல்லாத்தயும் எழுதிக் குடுத்தேன். பொடிய மட்டும் சொல்லலீங்க அக்கா."

"ஏன்?" என்று கேட்டேன்.

"உங்களத் தேடி வந்து கேள்வி கேப்பாங்க. நீங்க ஒத்தையில இருக்கறவங்க."

அந்த 'ஏன்' பொய், சாமி. தெரிந்துகொண்டே தெரியாததுபோலக் கேட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இன்றைக்கு வந்தேன்.

மேல்முறையீடு செய்ய வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறதாம். மாத்திரை எப்படி உள்ளே போனது என்று யாராவது வந்து சொன்னால் தடையை நீக்கவும் வழி இருக்கிறது என்று பச்சியப்பன் சொல்கிறார். போய்ச் சொல் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். சொன்னால் அவன் போய்விடுவான்.

இப்போது மறுபடியும் பெட்டி இறக்குகிறான். தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுகிறான். வயிறு சரியில்லையாம், தானே பொங்கிய சோற்றைத் தூக்கில் கொண்டுவருகிறான். தண்ணீரும் அவனே கொண்டுவருகிறான். எதிரில் உட்கார்ந்து, நான் தட்டைப் போட்டுக்கொள்ளும்வரை காத்திருக்கிறான். நான் தின்று முடித்த பிறகுதான் எழுந்து போகிறான். வயிறு சரியானதும் என் கையால் சாப்பிடுவான். அதற்காகக் கடலை வாங்கி வைத்திருக்கிறேன்.

என்மேல் சந்தேகம் இருந்தால் ஒருவன் தினமும் வந்து எதிரில் உட்காருவானா, சாமி?