ஜீப்பு முழுக்கத் தெரிஞ்ச சேதி

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு மச்சான். நம்ம புள்ள மகிமா மொதமொத என்னைக்கு நடந்தா?

— இதென்ன கேள்வி ராணி? முந்தாநேத்து, ஞாயித்துக்கெழம. சர்ச்சுல பூச முடிஞ்சு வந்து நீ வாசல்ல ஒக்காந்திருந்த. ஒன் மடியப் பாத்து மூணு எட்டு வச்சா. நீதான அழுத?

— அழுதேன். அழுதுட்டு அரிசி ஊற வச்சு, மாவு இடிச்சு, கொழுக்கட்ட அவிச்சேன். நேத்து விடியக்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்புல பதிநாலு பேருக்கும் கையில குடுத்தேன். எம் மக மொத நட நடந்துட்டா, தின்னுங்கக்கான்னேன்.

— நல்லதுதான?

— ரொம்ப நல்லது. அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுத் தின்னாக. என்னடா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயேன்னு பாத்தேன். இன்னைக்கு ஏலப்பழம் எடுத்துக்கிட்டு இருக்கயில ஜக்கம்மாக்கா வாயத் தொறந்துச்சு. "அடியே, ஒம் மக போன வாரம் திங்கக்கெழமயே நடந்துட்டாடி. ஒம் புருசன் ஏசுதாசன் புள்ளயத் தூக்கிட்டுப் போற திராட்சப் பந்தல்லதான எந் தங்கச்சியும் வேல பாக்குறா, தெனமும் வந்து சொல்றா. ஏசுதாசன்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு"ன்னுச்சு.

— அந்த ஜக்கம்மாவ...

— அந்தக்காவ ஏன் வையிற? ஜீப்பு டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கு. கம்பமெட்டுல டீ ஆத்துற சேச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவளுக்குத் தெரியல.

— மெதுவாப் பேசு. புள்ள நம்மளயே பாக்குது.

— பாக்கட்டும். மொதப் பல்லு மொளச்சத ஒன் வெரலக் கடிச்சுல்ல காமிச்சா? கை தட்டுனத நீ பாத்த. காக்காவக் கூப்புட்டத திராட்சக் கொடி கவாத்து வெட்ட வந்த ஆளுக பாத்தாக. நான் எதப் பாத்தேன்? இருட்டோட ஏறுனா பொழுது சாயத்தான் எறங்குறேன். இந்த நட ஒண்ணாச்சும் எனக்குன்னு கெடச்சுச்சேன்னு ரெண்டு நாளாக் கால் தரையில பாவாமத் திரிஞ்சேன். கடைசியில அதுவும் நீங்கள்லாம் பாத்து முடிச்ச மிச்சம்.

— மிச்சம்னு சொல்லாத ராணி. ஒனக்காகத்தான் மறைச்சேன். மொத நட ஒனக்குன்னு இருக்கட்டும்னுதான் பந்தல்ல எல்லாரையும் கையெடுத்துக் கும்புட்டேன். சாயங்காலம் ஒன் ஜீப்பு ஹாரன் கேட்டதும் இவளத் தூக்கி இடுப்புல வச்சுக்குவேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் நீ இருக்கயில கீழ எறக்கியே விடல.

— தர ஜில்லுன்னு இருக்கு, சளி புடிக்கும்னு எங்கிட்ட இருந்து வாங்கி வாங்கி வச்சுக்கிட்டியே, அது இதுக்குத்தானா?

— ஆமா. எறக்கி விடுன்னு ஒரே அழுக. ஒதைக்கிறா, நெளியிறா.

— அதுக்குத்தான் அழுதாளா?

— ம்.

— அடப்பாவி மனுசா. ஆறு நாளும் நான் கையில வாங்குனதும் ஒடம்ப வளச்சுக்கிட்டு அழுதாளே. எம்மேல ஏலக்கா வாடை அடிக்குது, புள்ளைக்கு ஆகலபோலன்னு ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சேன். அப்பவும் அழுதா. எம் புள்ள என்னய மறந்துட்டான்னு நெனச்சேன் மச்சான். அடுப்படியில தனியா ஒக்காந்து நான் அழுதத நீ பாத்த. பாத்தியா இல்லயா?

— பாத்தேன்.

— பாத்துட்டும் வாயத் தொறக்கல.

— ஞாயித்துக்கெழம வந்தா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். தப்புத்தான். சத்தியமாத் தப்புத்தான்.

— தப்புன்னு சொல்லிட்டாத் தீந்துச்சா? இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த ஜீப்புல ஏற?

— ராணி, அங்க பாரேன். என் செருப்பக் கால்ல மாட்டிக்கிட்டு வாறா.

— பேச்ச மாத்தாத. ஏய், படி, படி! விழுந்துறப் போறா, புடி மச்சான்.

— புடிக்க வேணாம். பேசாமப் பாரு.

— நின்னுக்கிட்டா. செவத்துல கைய வச்சுல்ல நிக்கிறா. இது எப்பப் படிச்சா?

— பந்தல்ல, கல்லுக்காலப் புடிச்சுப் புடிச்சு. ஒரு கல்லுக்காலுல இருந்து அடுத்த கல்லுக்காலுக்குப் போவா.

— சிரிக்கிறதப் பாரு. ஆமாடி, பெரிய வேல பாத்துட்ட. வா தங்கம், அம்மாட்ட வா... வந்துட்டா. நீ சிரிக்காத மச்சான், ஒங்கிட்ட எனக்குக் கோவம் போகல.

— போக வேணாம்.

— அந்த மொத நாளு எப்பிடி நடந்தா? அதயாச்சும் மறைக்காமச் சொல்லு.

— அது வேணாமே ராணி.

— ஏன்? நீ கூப்புட்ட, ஒங்கிட்ட வந்துட்டா. அதான? அதக் கேட்டா நான் செத்தா போயிருவேன்?

— எங்கிட்ட வரல. நான் ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டு எதுத்தாப்புலதான் குத்த வச்சிருந்தேன். என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல.

— பொறகு?

— கல்லுக்காலப் புடிச்சு நின்னுக்கிட்டு இருந்தா. ரோட்டுல ஜீப்பு ஹாரன் சத்தம் கேட்டுச்சு. கைய விட்டுட்டா. பந்தலு இரும்புக் கேட்டு வரைக்கும் ஒம்பது எட்டு, விழாமப் போயி, கம்பியப் புடிச்சுக்கிட்டு அம்மான்னா.

— பொய் சொல்லாத. அப்ப நான் பாத்திருப்பேனே. நான் பந்தல் வாசல்ல எறங்கயில நீ இடுப்புலதான வச்சிருந்த?

— அப்ப மணி நாலு ராணி. அது வேற தோட்டத்து ஜீப்பு. நிக்காமப் போயிருச்சு. ஒன் ஜீப்பு வர்ற வரைக்கும் அவ அந்தக் கம்பிய விடல.