அப்பா தூக்கிய எடை

முட்டையை அளவுக்கு மீறி வேகவைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் படியும். அப்பாவுக்கு அது பிடிக்காது. அதனால் நான் அடுப்பை விட்டு நகராமல் நின்று, சரியான பதத்தில் இறக்கிவிடுவேன். அவருக்கு நான் கொடுத்தது வெள்ளைக் கரு மட்டும்தான், மஞ்சள் கருவைக் கொடுப்பதில்லை. ஆனாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் அல்லவா.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் கேட்டதற்கு, எங்கிருந்து வேண்டுமானாலும் என்றீர்கள், மேடம். அதனால் முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் அப்பாவைக் கவனிக்கவில்லை என்று அக்கா புகாரில் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கவனிக்காதவன் முட்டைக்குக் காவல் நிற்கமாட்டான். மற்றபடி அவள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை.

அப்பா வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். வீடு மாறுகிறவர்களின் பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் அவர் முதுகில்தான் மாடி ஏறும். கூட வேலை பார்த்தவர்கள் அவரை கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். லிஃப்ட் வந்த கட்டடத்தில் அவருக்குக் கூலி குறைந்துவிடும். அப்பனும் மகனும் ஒருத்தர் பிழைப்பில் ஒருத்தர் மண்ணைப் போடுகிறோம் என்று சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் நான் நோஞ்சான். அதனால் எனக்குப் பஞ்சு என்று பேர் வைத்தார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் பஞ்சுதான். என் கல்யாணத்தில் மேடையேறி நின்று மைக்கிலும் பஞ்சு என்றுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் கிடையாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. என் மனைவி கொஞ்ச காலம் இருந்தாள், பிறகு அவளும் போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான், தப்பித்துக்கொண்டார். இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார், மெதுவாக நடக்கச் சொன்னார், ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். பீரோவை முதுகில் ஏற்றிய மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் அழுதார். அழும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த கையை நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அப்படியே வைத்திருப்பேன்.

அக்கா வந்தாள். அவளுக்கு வேறு ஊரில் குடும்பம். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “நீ வேலைக்குப் போயிட்டா இவரை யாரு பாத்துப்பா?” என்பதுதான். பிறகு அப்பாவிடம் திரும்பி, “என்கூட வந்துடுங்கப்பா” என்றாள். அப்பா உடனே, “சரிம்மா” என்றார்.

என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கடையில் கிளம்பலாமா என்று கேட்டால் எப்படிச் சரி என்பார்களோ அப்படி. நான் அக்காவிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். அதற்குள் அவரைத் தேற்றிவிடுகிறேன், தேறாவிட்டால் கூட்டிப்போ என்றேன். அவள் தயங்கினாள். கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த நடிகரின் வீடியோ வந்தது. அப்பாவும் நானும் சேர்ந்து தியேட்டருக்குப் போனதெல்லாம் அவர் படங்களுக்குத்தான். யோசித்துப் பார்த்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியமும் அதுதான். புதுப்படத்துக்காக அவர் உடம்பை ஏற்றியிருந்தார். காலையில் மார்பும் தோளும், மாலையில் முதுகும் காலும், வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு எடை, எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் அவரே விளக்கியிருந்தார். அவருக்கு வயது அறுபத்து நான்கு. அப்பாவுக்கும் அறுபத்து நான்கு. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “வயசுங்கிறது ஒரு பழக்கம், விட்டுடலாம்” என்றார். நான் அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கண் கலங்கியது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் நானே செய்து பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நாள்கூடத் தாங்கவில்லை, தோள் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டேன். செய்வதைவிடச் செய்யவைப்பதுதான் எனக்குக் கைவந்தது என்று அப்போது புரிந்தது.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. சின்ன எடைகளாக வாங்கிவந்தேன். அப்பா என்னைக் கேலி செய்துகொண்டே தூக்கினார். “பஞ்சு வாத்தியார் வந்துட்டாரு” என்பார். இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தது. தானே டம்ளரைப் பிடித்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவரைப் படியில் பார்த்துவிட்டு, பத்து வயது குறைந்துவிட்டதே என்றாராம். அப்பா மேலே வந்து அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். அப்போது நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. டம்ளர் பிடிக்க வந்ததோடு நிறுத்தினால் அது டம்ளர் பிடிக்கிற கையாகத்தானே இருக்கும்.

லிஃப்ட் வேலையில் ஒரு சோதனை உண்டு. உள்ளே எழுதியிருக்கும் எடைக்கு மேலேயே ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். தாங்கினால்தான் ஆட்களை ஏறவிடுவோம். அதில் யாரும் தப்பு சொல்வதில்லை.

வீடியோவில் இருந்ததுபோலவே பெஞ்சும் இரும்புக் கம்பியும் வாங்கி, அதிலிருந்த எடைக்குப் போனோம். பயிற்சிக்கு நடுவே அவர் நாற்காலியில் போய்ச் சரிந்துவிடுவார், அதனால் நாற்காலிகளைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு கட்டிலில் சரிந்தார், கட்டிலும் போயிற்று. உப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் நின்றது. அந்த நடிகர் ஒரு பேட்டியில், தன் வீட்டில் மாத்திரை என்ற பொருளே கிடையாது என்று சொல்லியிருந்தார். அதனால் மாத்திரைகளையும் நிறுத்தினேன். தூக்கி எறியவில்லை. அலமாரியின் மேல்தட்டில்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அப்பா கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எட்டும் உயரம்தான். பயிற்சியில் இரண்டு தோளும் பிடித்துக்கொண்டு அப்போது அவரால் தூக்க முடியவில்லை, அவ்வளவே.

ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அவர் கீழே இறங்கி, தையல்காரம்மாவின் போனிலிருந்து அக்காவிடம் பேசியிருக்கிறார். அக்கா மாலையில் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். உடற்பயிற்சி என்றால் முதலில் எல்லோரும் முனகத்தான் செய்வார்கள், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அழுவதுபோல என்று எடுத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால் அப்பா எடையைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டாள். பேரப்பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்களாம்.

அவர் எப்படிச் சிரித்தார் என்றுதானே கேட்கிறீர்கள். சிரித்தால் கீழே வைக்கலாம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாலை நான் வீடு திரும்பியபோது அப்பா வாசலில் பையோடு நின்றிருந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார்.

“பஞ்சு, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்டா.”

“ஞாயித்துக்கிழமை மூணு மாசம் முடியுது, அவளே வர்றாப்பா. வந்து உங்களைப் பாக்கட்டும்.”

“எனக்கு முடியலடா. தலை எந்நேரமும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“உங்க வயசுதான் அவருக்கும். அவரு விட்டுட்டாரா?”

அப்பா பையைக் கீழே வைத்தார். அழவில்லை. “நான் உனக்கு என்னடா பண்ணேன்?” என்று கேட்டார்.

நான் நின்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், மேடம். எதுவும் நினைவுக்கு வரவில்லை. “ஒண்ணும் பண்ணலப்பா” என்றேன். பையிலிருந்த துணிகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அவருக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

அதன்பின் வந்த நாட்கள் எங்கள் வீட்டில் அமைதியானவை. எதிர்ப்பேச்சே இல்லை. சொன்னால் படுத்தார், சொன்னால் எழுந்தார். அவருக்கு இது பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் வேலை பார்த்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. குளிக்கவைத்ததும் ஊட்டிவிட்டதும் நான்தான். ஒருநாள் ஊட்டும்போது, இனி இவர் எங்கும் போகமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம் என்று எழுப்பினேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பியை மார்பு வரை இறக்கி ஏற்றும் பயிற்சி. தலைமாட்டில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், முடியாமல் போனால் பிடித்து எடுப்பதற்காக. அதுதான் என் வேலை. அவர் இடது கையில் மறுபடியும் பிடிமானம் இல்லை. அதனால் இரண்டு கைகளையும் கம்பியோடு சேர்த்துப் பட்டையால் கட்டினேன். எடை தூக்குகிறவர்கள் பட்டை கட்டுவது வழக்கம்தான். அந்த நடிகரும் கட்டியிருந்தார். அவர் தானே கட்டிக்கொண்டார் என்பது ஒரு வித்தியாசம்.

முதல் தடவை கம்பி மேலே போயிற்று. நான் கொஞ்சம் கை கொடுத்தேன். இரண்டாவது தடவை இறங்கி, மார்பில் உட்கார்ந்துவிட்டது. என் விரல்கள் கம்பிக்கு அடியில்தான் இருந்தன, தொட்டுக்கொண்டுதான் இருந்தன. அவர் கண்ணை மேலே ஏற்றி என்னைப் பார்த்தார். “தூக்குங்கப்பா, கிரேன்தானே நீங்க” என்றேன். கேலியாகச் சொல்லவில்லை. மைக்கில் சொல்வதுபோலவும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது, பிறகு நிறம் மாறியது. கால் பெஞ்சின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. தெருவில் யாரோ ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஸ்டார்ட் ஆகி, தெருமுனை தாண்டிப் போய், சத்தமும் ஓய்ந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கம்பி எனக்கு ஒரு எடையே இல்லை. வேலையில் அதைவிடக் கனமானதைத் தினமும் தூக்குகிறேன். எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கால் நின்ற பிறகு கம்பியை எடுத்து அதன் இடத்தில் மாட்டினேன். பட்டையை அவிழ்த்தேன். முகத்தை ஈரத்துணியால் துடைத்துச் சட்டை போட்டு, பாயில் படுக்கவைத்தேன். அக்கா வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்தாள். “கை ஏன்டா இப்படி இருக்கு?” என்று கேட்டாள். அவள் மணிக்கட்டில் பட்டை பதிந்த தடத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். நான் அது தெரியாமல், “நல்லா ஏறியிருக்கில்ல?” என்றேன்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். அன்று காலை அவர் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்டீர்கள். இல்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கு முந்தைய மூன்று நாட்களும் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடிந்தபோதே அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னவோ சொன்னார், வார்த்தை எதுவும் வார்த்தையாக வரவில்லை. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். போதும் என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நொடியே எடுத்திருப்பேன். அவர் சொல்லவே இல்லை.