வாரத்துக்கு விட்ட பையன்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம். தர்மபுரியில் கால்பந்துப் போட்டி முடிந்து, அரூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு டீம் செகரட்டரிகள். ஜெயித்த அரூர்க்காரர் மடியில் கப். நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றவர் கம்பைநல்லூர்க்காரர். அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஆட்டத்தை வளர்க்கச் சொல்லி எங்க பையனை உங்க டீமுக்கு ஒரு வருசம் விட்டோம். ஆட்டை வாரத்துக்கு வளர்க்க விட்டா, குட்டியில பாதி ஆடு குடுத்தவனுக்குத்தானுங்க?"

"ஆமாங்க. அதுக்கென்ன?"

"இன்னிக்கு எங்களுக்கே நாலு கோல் போட்டுட்டான். அதுல ரெண்டு எங்களுது. ரெண்டுக்கு ரெண்டு, டிராங்க. கப்பை எப்படி வூட்டுக்குக் கொண்டுபோவீங்க? மறுபடி ஆடலாம்."

அரூர்க்காரர் கப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "மறுபடி ஆடுனா பையன் எட்டுப் போடுவானுங்க!"

கம்பைநல்லூர்க்காரருக்கு முகமெல்லாம் பெருமை.

"போடட்டுங்க. நாலு எங்களுது."