ஊட்டிவிட்ட கை

சொன்னா கோவிச்சுக்காதீங்கம்மா... அன்புன்னு நெனச்சுக்கிட்டு நாம பண்ற அக்கிரமம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஏன் சொல்றேன்? ஒரு குட்டிக் கதை இருக்கு, காது குடுங்க. பின்வரிசை... பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். இது உங்களுக்குத்தான்.

ஆற்காட்டுப் பக்கம் தணிகாசலம்னு ஒரு லாரி டிரைவர். திடீர்னு பக்கவாதம். கால் தேறிடுச்சு, பேச்சும் தேறிடுச்சு. வலது கை மட்டும்... அப்படியே தொங்குது. மக நிவேதாவுக்கு வர்ற தையில கல்யாணம். மனுஷனுக்கு ஒரே ஆசை. "டாக்டரம்மா, எம் பொண்ணு கையை நானே பிடிச்சு மாப்பிள்ளை கையில குடுக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

அந்தம்மா சொன்னாங்க: "தலையைத் திறக்க வேணாம், ஊசி கூட வேணாம். தலைமேல ஒரு காந்தக் கருவி வைப்போம். டக்கு டக்குன்னு தட்டும். கையை ஆட்டுற மூளைப் பகுதியை அது லேசா உசுப்பும். ஆனா உசுப்பறதோட எங்க வேலை முடிஞ்சுது. கையை வேலை வாங்கறது உங்க பொறுப்பு. சிந்தினாலும் பரவாயில்ல, அந்தக் கையாலயே சாப்பிடணும்."

அந்த வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல கட்டைவிரல் மடங்குச்சு! அவரு சம்சாரம் கோமளா ஆஸ்பத்திரியிலயே அழுதுட்டாங்க.

வீட்டுக்கு வந்து இலையில கையை வச்சாரு. பாதி சோறு வேட்டியில, பாதி தரையில. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்த நேரம் வேற. கோமளாவுக்கு மானமே போச்சு. "ஐயோ, விடுங்க... நான் ஊட்டறேன்." அன்னிக்கு ஊட்டினாங்க. மறுநாளும் ஊட்டினாங்க. சட்டை பட்டன்? கோமளா. தலை சீவறது? கோமளா. "நானே பண்றேனே"ன்னு அவரு கெஞ்சுவாரு. "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"னு இவங்க கேப்பாங்க. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்னு தெருவே மெச்சுச்சு. நாமளும்தான் மெச்சியிருப்போம், இல்லையா?

ஆஸ்பத்திரிக்குப் போறது மட்டும் நிக்கல. வீட்டுக்கு வந்தா கைக்கு ஒரு வேலையும் இல்ல.

தை வந்துச்சு. மணமேடை. "பொண்ணு கையைப் பிடிங்கோ"ன்னாரு ஐயரு. தணிகாசலம் முக்கி முக்கிப் பார்க்கறாரு... கை வரல. நிவேதா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தண்ணி வார்க்கச் சொம்போட நின்ன கோமளா, சொம்பைக் கீழ வச்சுட்டு, அந்தக் கையைத் தானே தூக்கி மக கைமேல வச்சாங்க. மனுஷன் கத்தல. மெதுவாத்தான் சொன்னாரு:

"ஊட்டி ஊட்டி... என் கையை நீயே எடுத்துக்கிட்டியே கோமளா."

"சிந்தட்டும்னு விட்டிருக்கலாமே, பாவி"ன்னு இன்னிக்கும் தன்னைத்தானே திட்டிக்கிட்டு அழறாங்க அந்தம்மா.

விட்டிருந்தா கை வந்திருக்குமா? எனக்குத் தெரியாதும்மா. டாக்டரம்மாவும் சத்தியம் பண்ணிக் குடுக்கல. ஆனா, வந்திருக்குமோ... வந்திருக்குமோன்னு ஒரு பொம்பளை காலம் பூரா வேகணுமா?

உங்க வீட்லயும் இப்படிப் பக்கவாதத்துல விழுந்து எழுந்தவங்க இருப்பாங்க. தட்டை அவங்க முன்னாடி வச்சுட்டு, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. சோறு சிந்தும். நமக்கு நெஞ்சு பதறும்... பதறட்டும். தரையை அப்புறம் தொடைச்சுக்கலாம்மா.