சிவப்பு ஸ்விட்ச்

மாலை ஆறு பத்து. தொண்ணூற்றெட்டு, நவம்பர் மாதம். மில்பிடாஸிலிருந்து லிவர்மோருக்குப் போகிற எண்பத்துநாலாம் நம்பர் ரோடு... இரண்டு பக்கமும் மொட்டைக் குன்று. போக ஒரு லேன், வர ஒரு லேன். விளக்குக் கம்பம் கிடையாது. முன்னாலும் கார் இல்லை, பின்னாலும் கார் இல்லை. ஹீட்டரைப் போட்டால் கருகின தூசி வாசனை வந்தது.

காரில் அனந்தராமன் மட்டும்.

மெழுகுவர்த்தி இன்னும் அரை மணி தாங்கும். ஐஸ் புயலில் நம்ம இர்விங் ஊர் முழுக்க இருட்டாகக் கிடக்கிறது, வேறென்ன செய்யப் போகிறோம், கேளுங்கள். நடுவில் யாரும் பாத்ரூம் போக எழுந்திருக்கக் கூடாது. அப்புறம் துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன். இது என் ஆபீஸ் சிநேகிதன் முகுந்தின் அத்திம்பேருக்கு நடந்தது. முகுந்த் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவனுக்கு அந்த அளவு கற்பனை கிடையாது.

அனந்தராமன்தான் அந்த அத்திம்பேர். முகுந்தின் அக்கா ஸ்வர்ணாவின் கணவர். ஸ்வர்ணா செத்துப்போய் அப்போது மூன்று மாதம். மில்பிடாஸில் இந்தியன் கடையில் புளி எடுக்கக் குனிந்தவள், தலை சுற்றுகிறது என்று அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்துநாலு வயசு.

அவர் அழவில்லை. காரியங்கள் ஆயின, ஊருக்குப் போய் வந்தார், அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவரே அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு அந்த ரோட்டைத் தாண்டி லிவர்மோர் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறார்... மணி ஆறே முக்கால். வீடு இருட்டு. உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

ர்ர்ர்ர்... சின்ன ஃபேன் ஓடுகிற சத்தம்.

ஸ்வர்ணாவின் அறை. அதாவது, அவள் கம்ப்யூட்டர் வைத்திருந்த பின்பக்க அறை. கதவிடுக்கில் நீல வெளிச்சம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அன்று காலையில்தான் அது உயிரில்லாமல் கிடந்தது. பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியாமல், அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அனந்தராமன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு போய் ப்ளக்கைப் பிடுங்கினார். மைக்ரோவேவில் ரசம் சாதத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பயப்படுவதற்கும் மனசில் கொஞ்சம் இடம் வேண்டுமில்லையா, அது அவரிடம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்வர்ணாவுக்கு மன்னார்குடியில் அம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, அங்கே மறுநாள் காலை எட்டு மணி, போன் பண்ணுவாள். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஒரு நிமிஷம் பேசுகிற காசில் ஒரு வேளை சாப்பிடலாம். அதனால் பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டு, மீதியைக் கம்ப்யூட்டரில் மைக் வைத்துப் பேசிப் பதிவு செய்வாள். பிறகு அதைக் கேசட்டில் ஏற்றித் தபாலில் அனுப்புவாள். கடைசியாகப் பேசினது இருபத்திரண்டு நிமிஷம். கேசட்டில் ஏற்றுவதற்குள் போய்விட்டாள். அந்தக் குரல் உலகத்தில் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. ஃப்ளாப்பியில் அடங்காது, அவ்வளவு பெரிய ஃபைல்.

அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அனந்தராமனிடம் போனில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"ஒரு காது போயாச்சு மாப்பிள்ளை. இன்னொண்ணு இருக்கறப்பவே அவ பேசினதை ஒரு தடவை கேட்டுடறேன்."

முகுந்த் டிசம்பர் முதல் வாரம் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவதாக இருந்தான். கேசட்டை அவனிடம் கொடுத்தனுப்புவதாக அனந்தராமன் சொல்லியிருந்தார். சொல்லி ஒரு மாதம் ஆயிற்று. அறைக்குள் போவார், நிற்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிடுவார். இப்போது மிஷினே தகராறு.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தார். மறுபடியும் உயிரில்லை. அவர் கம்பெனியில் வேலையே இதுதான், எந்தப் பாகம் செத்தது என்று கண்டுபிடிப்பது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. முதலில் சுவரில் உள்ள ப்ளக் பாயின்டை மீட்டர் வைத்து அளந்தார். நூற்றுப் பதினெட்டு வோல்ட். அமெரிக்காவில் வரவேண்டியது வருகிறது. சரி, அப்போது அந்தக் கரண்டை உள்ளே மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளைதான். பெட்டியைக் கழற்றினார். உள்ளே அவள் ஏற்றும் ஊதுபத்தி வாசனை லேசாக அடித்தது. போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரைப் பிடுங்கி, பேப்பர் க்ளிப்பை வளைத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தார். நல்ல சப்ளையாக இருந்தால் ஃபேன் சுற்ற வேண்டும். அது ஒரு துடி துடித்து நின்றது.

அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தார்.

பவர் சப்ளையின் முதுகில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் தள்ளினால் 115, அமெரிக்கக் கரண்ட். அந்தப் பக்கம் தள்ளினால் 230, இந்தியக் கரண்ட். 230-ல் வைத்து இங்கே போட்டால் ஒன்றும் ஆகாது, ஓடாது, அவ்வளவுதான். ஆனால் 115-ல் வைத்து அங்கே போட்டால்... டப். நம்ம ஜனங்களில் யாராவது ஒருத்தர் வீட்டில் இது நடந்திருக்கும். ஆசையாகச் சுமந்துகொண்டு போய், மாமனார் வீட்டில் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து, ப்ளக்கைச் சொருகி, புகையைப் பார்த்த கதை.

அந்த ஸ்விட்ச் 230-ல் இருந்தது.

அந்த ஸ்விட்சுக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அமெரிக்கா வந்தபோது இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்தார். க்ரீன் கார்டு வரட்டும், வீட்டு விலை ஏறட்டும், அடுத்த வருஷம் நிச்சயம் என்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கின அன்றே ஸ்வர்ணா ஸ்விட்சை 230-க்குத் தள்ளிவிட்டாள்.

"திரும்பிப் போறச்சே நீங்க மறந்துடுவேள். இப்பவே மாத்தி வெச்சுட்டேன்."

இவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தள்ளினார். இங்கே இருக்கிற வரைக்கும் நூற்றுப் பதினைந்துதான் என்றார். அப்புறம் கோபம் வந்தால் அவள் போய் அதைத் தள்ளுவாள். இவர் வந்து சரிசெய்வார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. அவளுக்கு அது எவ்வளவு தூரம் விளையாட்டு என்று அவர் கேட்டதில்லை.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் 115-க்குத் தள்ளினார். பட்டனை அழுத்தினார். ஜம்மென்று ஓடியது. திரையில் அந்த ஃபைல் இருந்தது, 'அம்மா 31' என்று. மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். விரலை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்... அழுத்தவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அணைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறார். ர்ர்ர்ர்... ஓடுகிறது. பின்னால் எட்டிப் பார்த்தார். ஸ்விட்ச் 230-ல்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 230-ல் இருந்தால் இங்கே ஓடவே கூடாது. அவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் மூளையும் உப்புத் தெரியாத நாக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஸ்விட்ச் லூஸாகி உள்ளே கான்டாக்ட் போய்விட்டது, சப்ளை கண்டபடி வேலை செய்கிறது, மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார். தூக்கத்தில் நானே எழுந்துபோய்த் தள்ளுகிறேனோ என்றும் ஒரு எண்ணம். அந்தச் சாயங்காலம் சுவர் ப்ளக்கை இன்னொரு தடவை அளந்திருக்கலாம். மீட்டர் மேஜை மேலேயே கிடந்தது. அதைத்தான் சனிக்கிழமை காலையில் அளந்தாயிற்றே என்று விட்டுவிட்டார்.

கூட வேலை பார்க்கிற சிவராமகிருஷ்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டிஸ்கைக் கழற்றிக் கொண்டுவா, என் மிஷினில் போட்டு எடுத்துவிடலாம் என்றார். நல்ல யோசனை. அவள் குரல் முதலில் இன்னொருத்தர் வீட்டில் கேட்க வேண்டாம் என்று அனந்தராமன் மறுத்துவிட்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம் அந்த மறுப்புதான்.

புதன்கிழமை மில்பிடாஸில் புது சப்ளை வாங்கினார். பக்கத்து சீட்டில் வைத்தார். வளைவில் உருளுமே என்று சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அந்த இடத்தில் மூன்று மாதமாக யாரும் உட்காரவில்லை. எண்பத்துநாலு முழுக்க அந்தப் பக்கம் திரும்பாமலே ஓட்டிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை விடியற்காலை, வேலைக்குப் போகுமுன் மாற்றினார். நாலு ஸ்க்ரூ. பழசை உருவினார், புதுசை உள்ளே தள்ளினார், ஒயர்களைச் சொருகினார். பன்னிரண்டு வோல்ட், ஐந்து வோல்ட், எல்லாம் கச்சிதம். புதுசுக்கும் முதுகில் சிவப்பு ஸ்விட்ச். 115-ல் தள்ளினார். பிறகு சமையலறை டிராயரிலிருந்து சூப்பர் க்ளூ எடுத்துவந்து அதன் மேல் இரண்டு சொட்டு விட்டார். காயும் வரை நின்று பார்த்தார். நகத்தால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று சீக்கிரம் வந்துவிட்டார். ஆறு இருபது. முகுந்துக்கு மறுநாள் ஃப்ளைட், இனி நாளைக்கு என்று சொல்ல நாள் இல்லை. அறை அமைதியாக இருந்தது. மேஜையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால், சிவப்பாக ஏதோ பொடி சிந்தியிருந்தது. குங்குமமாக இருக்கும் என்று கையால் தள்ளிவிட்டார். பட்டனை அழுத்தினார். ஓடியது. கேசட் ரெக்கார்டரை ஒயரால் இணைத்தார், புதுக் கேசட் போட்டார், ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார். மவுஸில் விரலை வைத்து இந்தத் தடவை அழுத்தியே விட்டார்.

முதலில் ஒரு இரைச்சல். நாற்காலியை இழுக்கிற சத்தம். வளையல் மேஜையில் படுகிற சத்தம். பிறகு அவள்.

"அம்மா... நான்தான். அங்க மணி எட்டு ஆயிடுத்தா?"

டப்.

துப்பாக்கி வெடித்த மாதிரி. பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு மின்னல். திரை அணைந்தது. பின்பக்கத்திலிருந்து புகை... கருகின மீனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த நாற்றம். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறரை. மேலே அறை விளக்கு ஒரு இமை இமைக்கவில்லை. அது பாட்டுக்கு எரிந்தது.

அவர் எழுந்து ப்ளக்கைப் பிடுங்கினார். மீட்டரை எடுத்துச் சுவரில் வைத்தார்.

231.

எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால், வீட்டு ஒயரிங்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் அமெரிக்காவிலும் அப்படி வர வாய்ப்பு உண்டு என்பார்கள். முகுந்தும் கேட்டான், அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த மீட்டரில் இன்னொரு பட்டன் உண்டு. கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும். இந்த நாடு முழுக்க அறுபது. எந்தக் கம்பி விட்டுப்போனாலும் அறுபதுதான். அவர் அந்தப் பட்டனை அழுத்தினார். ஐம்பது என்று காட்டியது. நம்ம ஊர்க் கணக்கு.

பார்த்துக்கொண்டே நின்றார். ஏழரைக்கு எண் இறங்கியது. நூற்றுப் பதினெட்டு, அறுபது.

டிஸ்கின் அடியில் இருக்கிற போர்டில் ஒரு சில்லு வெடித்து ஓட்டை விழுந்திருந்தது. அப்புறம் எங்கெங்கோ கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு வார்த்தைகூட மீளவில்லை. கேசட்டில் வளையல் சத்தமும், அந்த ஒரு கேள்வியும், டப்பும் இருந்தன. அதை அந்த அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது? முகுந்த் வெறுங்கையோடு ஊருக்குப் போனான். அந்த அம்மாவுக்கு மாசியில் இன்னொரு காதும் போயிற்று.

கிளம்புகிற அன்று காலை, கேசட்டை வாங்க முகுந்த் லிவர்மோர் வீட்டுக்குப் போயிருந்தான். அத்திம்பேர் காபி கலந்து கொடுத்தார், அதில் சர்க்கரை இல்லை. நடந்ததை ஆபீஸ் ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னார். பிறகு வெடித்த சப்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்.

"நான்தான் ஒட்டினேன்."

முகுந்த் அதைத் திருப்பிப் பார்த்தான். ஸ்விட்ச் 115-ல்தான் இருந்தது, அசையவில்லை. ஆனால் முந்தின நாள் காலையில் விட்ட க்ளூ முழுக்க... சுற்றியிருந்த சிவப்பு பிளாஸ்டிக் முழுக்க... நகக் கீறல். ஐம்பதா அறுபதா, அவனால் எண்ண முடியவில்லை. சில இடத்தில் பிளாஸ்டிக் பொடியாக உதிர்ந்து பள்ளம் விழுந்திருந்தது. பகல் முழுக்க யாரோ விடாமல் முயன்றிருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்திருக்கிறான். எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக, 230-ஐப் பார்த்தே போயிருந்தன.