ஆரஞ்சுப் பொட்டு

வீட்டில் விமானம் கட்டுகிறவன் முதலில் இழப்பது கார் நிறுத்தும் இடத்தை. எங்கள் அயோவா பனியில் என் மனைவி நாடீன் வருஷக்கணக்காகக் கார்மேல் உறைந்ததைச் சுரண்டித்தான் வண்டியை எடுத்தாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை ஐயா, அதை உங்கள் விசாரணைக் குறிப்பில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் நண்பன் வேட் ஸ்டௌட் எனக்குப் பின்னால் ஆரம்பித்தவன். பாகங்கள் வந்த பெட்டியைப் பிரிக்கவே என்னைத்தான் கூப்பிட்டான். ரிவெட் ஆணி ஒன்று கோணினால் தகட்டையே கழற்றி எறிகிறவன் நான். அவன் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை அடிப்பான். நான் வாலைத் தாண்டாமல் கிடந்தபோது அவன் இறக்கையை மூடும் நாளுக்கு வந்துவிட்டான்.

அந்த நாளில் அக்கம்பக்கத்தில் விமானம் கட்டுகிறவர்கள் எல்லோரும் கூடுவோம். உள்ளே இருக்கும் போல்ட்டுகளைப் பார்த்து, இறுக முடுக்கிய நட்டின் மேல் ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு பொட்டு வைப்போம். பொட்டு இருந்தால் அந்த நட்டை அப்புறம் யாரும் தொடுவதில்லை. தகட்டை அடித்து மூடிவிட்டால் பார்க்கவும் வழியில்லை.

வேட் வாசலில் தணலில் சாஸேஜைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா லீலண்ட், உன்னுது எப்பத்தான் பறக்கும்? இல்ல, கோழி அடைக்கிறதா உத்தேசமா?"

"அவசரப்பட்டா உன்னுது மாதிரிதான் வரும்."

"அட போடா. நான் மேல போறப்ப நீ கீழ நின்னு கையாட்டு, அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாடீனும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது சொல்லும்போது கூசுகிறது.

பிறகு வேட் என் தோளைத் தட்டி, "மூலையில கொஞ்சம் பாக்கி இருக்குடா, நீயே பாத்துப் பொட்டு வெச்சிடு. உன் கண்ணைத்தான் நான் நம்புவேன்" என்றான்.

விமானத்தைச் சாய்த்து நிமிர்த்த இறக்கையின் ஓரத்தில் அசையும் மடலை இழுக்கும் கம்பி அங்கேதான் மாட்டியிருந்தது. அதன் நட்டை அவன் விரலால் சுற்றி விட்டிருந்தான், அவ்வளவுதான். முடுக்க மறந்திருக்கிறான். ஸ்பானர் என் இடது கையில் இருந்தது. வலது கையால் பொட்டு வைத்தேன். என் வாழ்நாளிலேயே அழகாக வைத்த பொட்டு அது. பிறகு வெளியே வந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தரையில் ஓட்டிப் பார்க்கும்போதே எஞ்சின் அதிர்வில் நட்டு கழன்றுவிடும், இறக்கையைப் பிரிப்பான், ஒரு கோடை போகும், அதற்குள் நான் அவனை எட்டிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். புல் ஓடுதளத்தில் அவன் ஓட்டிப் பார்த்த போதெல்லாம் நானும் போய் நின்றேன். ஓட்டும் ஸ்டிக்கை அசைத்தான், மடல் ஒழுங்காக அசைந்தது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கத்தான் போனேன். திறந்திருந்தால் அந்தப் பொட்டு எப்படி வந்தது என்று அவன் கேட்டிருப்பான். அந்த வெட்கத்துக்குப் பயந்தேன் ஐயா.

முதல் பறத்தல் அன்று வேட் ஹெல்மெட்டை நீட்டினான். முதல் தடவை பக்கத்தில் இன்னொரு விமானி இருந்தால் நல்லது என்பார்கள்.

"வாடா, ஏறு. கையாட்டச் சொன்னதெல்லாம் சும்மா. இதுல பாதி உன் வேலைதானே?"

"முதுகு பிடிச்சிருக்குடா. இன்னொரு நாள்" என்றேன்.

"அப்பா, நான் வரேன்" என்று அவன் மகள் கோரின் ஏறிக்கொண்டாள். சோளத்துக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிற பெண் அவள். கீழே நின்று நான் கையாட்டினேன். முதல் திருப்பத்தில் இறக்கை சாய்ந்தது, நிமிரவே இல்லை.

தரையிலேயே தெரிந்துவிடும் என்று நம்பினேன். இதை நாடீனிடமும், தேவாலயத்தில் முழங்காலிட்டும், இப்போது உங்களிடமும் சொல்லியாயிற்று. நீங்கள் எழுதுவதானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: எனக்கு முதுகுவலி என்று ஒன்று வந்ததே கிடையாது.