தரை என் பொறுப்பு

இல்ல சார், கையெழுத்து எங்க ஓடிடப் போகுது? நான் போட்டாத்தான் நாளைக்கு ஆளை ஏத்திப் பறக்க விடுவீங்க, தெரியும். மொதல்ல மொட்டைமாடியை ஒரு சுத்து பாருங்க. கார் நிறுத்துற கட்டடத்து உச்சி இது. பறக்கும் டாக்ஸி எறங்குற தளமா மாத்தியிருக்கோம். அது எறங்கும்போது கீழ தள்ளுற காத்து இருக்கே, லேசுப்பட்டதில்ல. ஜனம் எங்க நிக்கணும், சார்ஜ் வயர் எந்தப் பக்கம் போகணும், அந்த ஆராய்ச்சி பூரா நான்தான்.

வாசல்ல மாட்டியிருக்கிற போட்டோவா? ஆமா, அவன்தான் ஓட்டுறவன். என் சகலை. பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன். கறுப்புக் கண்ணாடியும் இடுப்புல கையும்! நிக்கிறது யாரு போட்ட தரையில? போட்டோவுல தரையே இல்ல சார், முழங்காலோட வெட்டிட்டாங்க.

பொறாமையா? எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க. மாமியார் வீட்டுக்குப் போனா அவனைச் சுத்தி உக்காந்து வானத்துக் கதை கேக்குறாங்க. மாமனார் எங்கிட்ட, மாப்ளே, உங்களுக்கு அங்க சிமென்ட் வேலைதானேங்கறாரு. ஆமா மாமான்னுட்டு டிவியைப் பாத்துக்கறேன். வேற என்ன பண்ண?

இந்த மஞ்சக் கோடு இருக்கே, கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் நம்பிப் போட்டதில்ல. வண்டி எறங்கும்போது ஓரத்துல ஒரு ஆளை கையில பையோட நிக்க வெப்போம். இடுப்புல கயிறு கட்டித்தான். கால் தடுமாறுற எடத்துல சாக்பீஸால குறி. யாரு நின்னாங்களா? என் பொண்டாட்டிதான். ஆபீஸ்ல ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான். தலையெல்லாம் கலைஞ்சு, கண்ணெல்லாம் தூசி. ஒரு நாள் சலிச்சுக்கல அவ.

குறையா? சேச்சே, தரையில ஒரு குறையும் இல்ல. மழை பேஞ்சாலும் வழுக்காது. அப்புறம் எதுக்கு இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்றேன்னா... அது வந்து...

நாளைக்கு மொதல்ல ஏறப் போறது என் பொண்டாட்டிதான் சார். அண்ணி, எங்கூட வர்றீங்களான்னு சகலை போற போக்குல கேட்டிருக்கான். உடனே சரின்னுட்டா. நேத்து கடைக்குப் போய் புதுச் செருப்பு வேற வாங்கிட்டு வந்தா. அவளுக்கு மேல போகணும்னு ஆசை இருந்திருக்கு. ரெண்டு வருஷமா என் பக்கத்துலதான் நின்னா. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.